68 வயதில் ரயிலை நிறுத்தப் போனவர்

அரியலூர்ல ரயிலேறித் திருச்சி போறப்ப ஸ்ரீரங்கம், டவுன் ஸ்டேஷன் தாண்டினதும் பொன்மலை வரும். அடுத்தது ஜங்ஷன்தானேன்னு பையைத் தோளில் மாட்டிக்கிட்டு நிப்பீங்க. அந்தப் பொன்மலைப் பணிமனை உருவான கதைக்குள்ள ஒரு பெரியவர் இருக்கார். பேர் சிங்காரவேலர். மே தினப் போஸ்டர்ல படம் பார்த்திருப்பீங்க. கதை அவ்வளவா தெரிஞ்சிருக்காது.

1860 பிப்ரவரி 18இல் சென்னையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கிறித்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று படித்து, 1907இல் சட்டப் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு 47 வயது (ஒரு அரியருக்கே சோர்ந்து போறவங்க கவனிக்க). வக்கீல் தொழில், கடற்கரையோரம் வீடு, வீடு நிறையப் புத்தகம் என்று வசதியான வாழ்க்கை. 1921இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது, பொதுக்கூட்டத்திலேயே வக்கீல் அங்கியைக் கொளுத்திவிட்டார். அதற்குப் பிறகு கோர்ட்டுப் பக்கம் வக்கீலாகப் போகவே இல்லை.

அடுத்த ஆண்டு கயா காங்கிரஸ் மாநாட்டில், தான் ஒரு கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே தொழிலாளர்களுக்காகப் பேசினார். 1923 மே 1இல் சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம் போட்டார், ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அதுதான். 1925இல் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கும் அவரே தலைவர்.

இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே கிடைக்கும். எனக்கு முக்கியமாப் படுறது 1928தான்.

தென்னிந்திய ரயில்வே அன்றைக்கு ஒரு தனியார் கம்பெனி. நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி என்று தனித்தனியாக இருந்த பணிமனைகளை எல்லாம் பொன்மலையில் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தது. புது இயந்திரங்கள் வரும், வேலை சீக்கிரம் முடியும், ஆள் குறைவாகப் போதும். நம்ம டிபார்ட்மென்ட்ல இதுக்குப் பேரு எஃபிஷியன்ஸி. கம்பெனிக் கணக்கில் அது 3000க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகும் என்று ஆனது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பிரிக்க ஒரு தொழில் தேர்வு வேறு. பல வருஷம் பட்டறையில் நின்று இன்ஜினைப் பிரித்து மாட்டியவரை உட்கார வைத்து, உனக்கு வேலை தெரியுமா என்று கேட்கிற தேர்வு. இப்ப ஐ.டி. கம்பெனிகள்ல வருஷக் கடைசியில ரேட்டிங் போட்டு, அப்புறம் ஒரு மெயில் வருது பாருங்க, அதோட தாத்தா இது.

தொழிலாளர்கள் தேர்வை மறுத்தார்கள். ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்து, ரயில்கள் நின்றன. 68 வயது சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்காருடன் சேர்ந்து தொழிலாளர்கள் நடுவே போய்ப் பேசினார். அவர் இயந்திரம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை, விஞ்ஞானத்தை அவ்வளவு நேசித்தவர். இயந்திரத்தால் மிச்சமாகிற பணம் முழுக்க முதலாளிக்கு, அதனால் வருகிற பட்டினி முழுக்கத் தொழிலாளிக்கு என்ற பங்கீடுதான் அவருக்குப் பிரச்சினை.

போராட்டம் தோற்றது. தலைவர்கள் கைதானார்கள். சதி வழக்கில் சிங்காரவேலருக்கு 10 ஆண்டு சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1930இல் வெளியே வந்தார். எழுபது வயதில்!

அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. பெரியாரின் குடி அரசில் பரிணாமம், வானியல், பொருளாதாரம் என்று எளிய தமிழில் எழுதித் தள்ளினார். ஜாதியை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பேசுவது, கூலியை விட்டுவிட்டு ஜாதியை மட்டும் பேசுவது, இரண்டுமே அவருக்குச் சரிப்படவில்லை. 1932 டிசம்பரில் வந்த ஈரோட்டுத் திட்டத்தில் சுயமரியாதையும் சமதர்மமும் ஒன்றாகச் சேர்ந்ததில் அவர் கை பெரிது. அந்தச் சேர்க்கை ரொம்ப நாள் நீடிக்கவில்லை, அரசாங்க நெருக்கடியும் கருத்து வேறுபாடும் அதைப் பிரித்தன. தமிழ்நாட்டுக்கு அது ஒரு பெரிய நஷ்டம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேற கருத்து இருந்தா அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க.

நம்ம பக்கத்துக்கே வாங்க. ஆண்டிமடத்தைச் சுத்தி முந்திரிக் காடு. கொட்டை உடைக்கிறவங்களுக்குக் கிலோக் கணக்குக் கூலி, கை எல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருக்கும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள்ல கான்ட்ராக்ட் வேலை. நாளைக்கு அங்கே ஒரு புது மெஷினை டிசைன் பண்ணி நிறுத்தப் போறவங்க நம்ம கிளாஸ்லதான் உட்கார்ந்திருக்காங்க. மிச்சமாகிற கூலி யாருக்குப் போகும் என்ற கேள்வி நம்ம சிலபஸ்ல எந்த யூனிட்லயும் கிடையாது.

சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11இல் இறந்தார், 86வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.