நடுங்கும் நிலத்தில் குழாய் பதித்தவர்

கற்பிட்டித் தீபகற்பத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். மணலுக்குள் மழைநீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மலசலகூடக் குழிகளும் அதே மணலில்தான். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம் கரையோர முகாம்களில் தங்கியபோது கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரம் இன்னும் சுருங்கியது. இதையெல்லாம் எழுதிவரும் எனக்கு வில்லியம் கின்னிமண்ட் பேர்ட்டன் அந்நியராகத் தெரியவில்லை. குடிநீரையும் கழிவையும் பிரித்து வைப்பதே அவருடைய வேலை. அதை அவர் செய்தது நிலம் அடிக்கடி அதிரும் நாடுகளில்.

1856இல் எடின்பரோவில் பிறந்தார். பல்கலைக்கழகம் போகாமல் பட்டறையில் தொழில் பழகியவர். எழுத்தாளர் கொனன் டொயில் அவருடைய பால்ய நண்பர். 1886இல் ஜப்பானில் கொலராவுக்கு ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் பலியானார்கள். மறுவருடம் ஜப்பானிய அரசு பேர்ட்டனை அழைத்து, டோக்கியோவில் சுகாதாரப் பொறியியல் பேராசிரியராக்கியது. பட்டமில்லாத ஒருவருக்கு நம் நாட்டில் இன்று அந்தக் கதிரை கிடைக்காது.

1891 ஒக்டோபர் 28 அன்று நோபி சமவெளி குலுங்கியது. 7,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேர்ட்டன் தேர்ந்த புகைப்படக்காரரும்கூட. நிலநடுக்க ஆய்வாளர் ஜோன் மில்னுடன் சேர்ந்து அந்த அழிவைப் படநூலாக்கினார். 1894இல் நகரக் குடிநீர் விநியோகம் பற்றி அவர் எழுதிய நூலின் பின்னிணைப்பாக, நீர்விநியோகக் கட்டுமானங்களை நிலநடுக்கம் எப்படிப் பாதிக்கிறது என்ற மில்னின் கட்டுரை வந்தது. குழாய் பதிப்பவர்கள் படிக்கும் நூலில் அதற்கு இடம் கொடுத்ததைத்தான் நான் அவருடைய பெரிய காரியமாக நினைக்கிறேன். ஏனென்றால் நிலம் அசையும்போது குழாய்கள் பெரும்பாலும் இணைப்புகளில்தான் கழலும். தொட்டிச் சுவரோடு இறுக்கிப் பொருத்திய இடத்தில் முறியும். நீர் ஊறிய தளர்ந்த மணலோ கூழாகிவிடும். கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல்கள் அதில் மிதந்து மேலே வரும். குடிநீர்க் குழாயில் அழுத்தம் இறங்கினால், சுற்றியுள்ள அழுக்கு விரிசல் வழியே உள்ளே போகும்.

நமக்கெதற்கு இது என்று கேட்கலாம். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ராவுக்கு அப்பால் ஏற்பட்ட நடுக்கம் இலங்கையிலும் உணரப்பட்டது. கரையோர மக்கள் மேட்டு நிலங்களுக்கு ஓடினார்கள். புத்தளத்துக் குழாய்நீர் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு என்ற கணக்கு வருகிறது. மணலுக்குள் என்ன வகை இணைப்பு என்ற பேச்சு வருவதில்லை.

1896இல் பேர்ட்டன் தாய்வானுக்குப் போய் அங்குள்ள நகரங்களுக்கு வடிகால், குடிநீர்த் திட்டங்கள் வகுத்தார். அங்கே நோயில் விழுந்து, 1899 ஓகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் 43 வயதில் இறந்தார். அவர் டோக்கியோ அசகுசாவில் வடிவமைத்த 12 மாடிக் கோபுரம் 1923 நிலநடுக்கத்தில் பாதியில் முறிந்தது. அன்று நகரின் நீர்க்குழாய்களும் உடைந்தன. தீயை அணைக்கத் தண்ணீர் இருக்கவில்லை.