கணத்தின் வேகம் தேடிய பாஸ்கராச்சாரியார்

உயர்தர வகுப்பில் வளையியொன்றில் நாண் வரைந்து, அதன் ஒரு முனையை மற்றதை நோக்கி நகர்த்திப் படித்திறன் கண்டது நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். வர்க்கங்களின் வளையியில் 1 இலிருந்து 2 வரையான நாணின் படித்திறன் 3, 1.1 வரை 2.1, 1.01 வரை 2.01. நாண் தொடலியாகும்போது 2. நியூட்டன், லைப்னிட்ஸ் என்ற பெயர்களையே அன்று கேட்டோம். அவர்களுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்னரே இவ்வினாவை வானில் எதிர்கொண்டவர் பாஸ்கராச்சாரியார்.

1114 இல் பிறந்த அவருக்குத் தந்தையார் மகேசுவரரே குரு. 36 வயதில் ‘சித்தாந்த சிரோமணி’யை முடித்தார்.

சந்திரன் நாளொன்றுக்குச் சராசரியாக 13 பாகைக்குச் சற்று அதிகம் நகரும். சில நாட்களில் 12 பாகையளவு, சில நாட்களில் 15 பாகையளவு. இன்றைய சூரிய உதயத்திலிருந்து நாளைய உதயம் வரையான நகர்வு நாணின் படித்திறனைப் போன்றது. திதி முடியும் நேரத்தைத் திருத்தமாக அறிய அது போதாது. அந்தக் கணத்து வேகம் வேண்டும். விரதத்துக்குப் பஞ்சாங்கம் புரட்டிய எங்கள் அம்மம்மாமாருக்கு இதன் அருமை தெரியும். கோணத்தின் சைன் மாறும் வீதம் கோசைனைப் பொறுத்தது என்பதைக் கொண்டு அவர் அவ்வேகத்தைக் கணித்தார். சராசரி நிலையிலிருந்து கோள் மிகக்கூடுதலாக விலகிநிற்கையில் அவ்விலகலின் மாற்றம் பூச்சியம் என்றும் கண்டார். நாம் படித்த திரும்பற் புள்ளிதான் அது! ஆயினும் மஞ்சுளர் 10ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தார்; எல்லை பற்றிய பொதுவிதியைப் பாஸ்கரர் அமைக்கவுமில்லை. வகையிடலையே அவர் கண்டுபிடித்தார் என்று மேடையில் முழங்குவது மிகை.

அவரது எண்கணித நூல் ‘லீலாவதி’. நீர்க்கடிகாரத்தில் முத்து விழுந்து, முகூர்த்தம் தவறி, மணமிழந்த மகளைத் தேற்ற எழுதியது என்ற கதை, 1587 இல் அக்பரின் அவைப் புலவர் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பில் வருவது. சிறுமிகளாய்க் கேட்டுக் கண்கலங்கினோம். இப்போது கேட்டால் கோபமே வருகிறது. கலியாணம் தவறியவளுக்குத்தானா கணிதம்? நூலைத் திறந்தால் துயரம் எதுவுமில்லை. கணக்குகள் பெண்ணொருத்தியை விளித்துக் கேட்கப்படுகின்றன. விடை சொல்ல வல்லவள் என்று கருதியே கேட்கப்படுகின்றன.

69 வயதிலும் ‘கரணகுதூகலம்’ எழுதினார். 1207 இல் பேரன் சங்கதேவர், அவரது நூல்களைக் கற்பிக்கவென மகாராட்டிரத்தில் மடமொன்று நிறுவினார். சிற்றரசர்கள் மானியம் வழங்கினர். அச்செய்தி கூறும் கல்வெட்டை 19ஆம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர் பம்பாயின் பாவு தாஜி. அவரும் ஒரு மருத்துவர் என்பதில் எமக்குச் சிறு பெருமை.