பழனிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ!

சண்முக கவசம் படிக்கிற நம்ம பலருக்கும் இந்தச் சம்பவம் தெரிஞ்சிருக்கும். எனக்கும் தெரியும். ஆனா அது எனக்கு உறைச்சது போன வருஷம்தான்.

சுவாமிகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அப்பாவு. பிறந்தது ராமேஸ்வரம், வளர்ந்தது பாம்பன். சின்ன வயசிலேயே அருணகிரிநாதரை ஞானகுருவாக நினைத்து, முருகன் மேல் பாட ஆரம்பித்தார். கல்யாணம் ஆச்சு, பிள்ளைகள் பிறந்தார்கள், குடும்பப் பொறுப்பையும் சுமந்தார். ஆனா மனசு துறவையே நாடியது.

ஒரு நாள் நண்பர் அங்கமுத்துப் பிள்ளையிடம், துறவு பூணப் பழனிக்குக் கிளம்பப் போவதாகச் சொன்னார். முருகன் உத்தரவு கிடைச்சிருச்சா என்று நண்பர் கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. காசுக்காகவோ பேருக்காகவோ சொன்ன பொய் இல்லை இது. முருகன்கிட்ட போகணும்ங்கிற ஆசையில் வந்த ஒரு சின்னப் பொய்.

அன்றே முருகன் கோபத்தோடு காட்சி கொடுத்துக் கண்டித்தார். தாம் அழைக்கும் வரை பழனிக்கு வரக்கூடாது என்று ஆணையிட்டு மறைந்தார். அந்த அழைப்பு கடைசி வரைக்கும் வரவே இல்லை. 6,666 பாடல்கள் பாடியவர், பழனி மலை ஏறாமலே வாழ்ந்து முடித்தார்.

கோவிச்சுக்கிட்டு பாடுறதை அவர் நிறுத்தலை. உயிர் எழுத்து 12, மெய் எழுத்து 18 என்ற வரிசையில் 30 பாடல்களாகச் சண்முக கவசத்தைப் பாடியது 1891-இல். 1894-இல் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற பிரப்பன்வலசைக்கு வந்தார். பாம்பன் ரயில் பாலமே 1914-இல்தான் திறந்தது. அதனால அன்னைக்குக் கடலைத் தாண்டித்தான் வந்திருக்கணும். அங்கே மயானத்தில் ஒரு குழி வெட்டி, அதற்குள் உட்கார்ந்து 35 நாள் தவம் இருந்தார். முருகன் தரிசனமும் உபதேசமும் கிடைத்த பிறகுதான் வெளியே வந்தார். அங்கே இன்னைக்கும் கோயில் இருக்கு.

பிறகு சென்னை வந்தார். 1923 டிசம்பரில் தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி ஏறி இடது கால் எலும்பு முறிந்தது. எழுபது வயசு தாண்டின, உப்பில்லாமல் சாப்பிட்டு வந்த உடம்பு. எலும்பு கூடாது என்று டாக்டர்கள் கைவிட்டார்கள். அடியார்கள் சண்முக கவசம் ஓதினார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே மயில் காட்சி கிடைத்தது, காலும் குணமானது. பழனிக்கு வராதேன்னு சொன்ன முருகன், ஆஸ்பத்திரிக்குத் தானே தேடி வந்தார்!

1929 மே 30 அன்று சுவாமிகள் சமாதி அடைந்தார். திருவான்மியூரில் அவர் சமாதிக் கோயில் இருக்கு.

இப்போ என் கதை. எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், வேலை சென்னையில். ரெண்டு வருஷம் முன்னாடி ஊர்க்காரங்களோட தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனேன். லீவு கிடைக்காதுன்னு நினைச்சு, அப்பத்தாவுக்கு சீரியஸ்னு டீம் லீடுகிட்ட சொல்லிட்டேன். நடந்துக்கிட்டு இருக்கும்போதே அவர் போன் பண்ணி, பாட்டி எப்படி இருக்காங்கன்னு அக்கறையா விசாரிச்சார். மாலை போட்ட கழுத்தோட, இன்னும் ஐசியூலதான் இருக்காங்கன்னு மறுபடியும் பொய் சொன்னேன். வீட்டில அப்பத்தா நல்லா இருந்தாங்க. மலை ஏறி சாமி கும்பிட்டேன், ஆனா முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியலை.

ஆசையை அடக்குறதுன்னா சினிமா, பிரியாணி, ரீல்ஸை விடுறது மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். நல்ல ஆசைக்கும் கடிவாளம் வேணும்னு சுவாமிகள் வாழ்க்கைதான் காட்டுச்சு. கெட்ட ஆசைன்னா நாமளே கொஞ்சம் பயப்படுவோம். நல்ல ஆசை வந்தா, அதுக்காக எதையும் செய்யலாம்னு தோணிடும்.

போன வருஷம் தைப்பூசத்துக்கு உண்மையைச் சொல்லி லீவு கேட்டேன். ரிலீஸ் வாரம், கிடைக்கலை. அன்னைக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பைத் தூக்கி அடிச்சிருப்பேன். வேலை முடிஞ்சதும் நேரா திருவான்மியூர் சமாதிக்குப் போய் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்கப் பழனி போகாதவர் முன்னாடி, ஒரு வருஷம் போக முடியாததுக்கு நான் எப்படி அழுறது?

பழைய பொய்யை மறுநாள் லீடுகிட்ட ஒத்துக்கிட்டேன். ரெண்டு நாள் அவர் சரியா பேசலை. நியாயம்தான்.

இந்த வருஷமும் உண்மையைச் சொல்லியே கேட்பேன். கிடைச்சா பழனி, இல்லைன்னா திருவான்மியூர். கூப்பிடுறது அவர் வேலை.

முருகா சரணம்! 🦚