தோல்வியிலும் பாடம் கற்ற ஹைதர் அலி

குட்டீஸ், அமிர்திக்குச் சுற்றுலா போனால் அப்படியே வேலூர் கோட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அகழி சூழ்ந்த அந்தக் கோட்டையை 1780-ல் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் போனவர் ஹைதர் அலி. ஆனாலும், ஆங்கிலேயரை நடுங்க வைத்த தளபதி அவர். எப்படி?

ஹைதர், கோலார் அருகே பூதிக்கோட்டையில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையைப் போரில் இழந்தார். எழுதப் படிக்கக் கற்கவில்லை. ஆனால், அபார நினைவாற்றல் இருந்தது. மைசூர் படையில் சேர்ந்து, 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் திறமை காட்டினார். தமிழகத்தில் நடந்த போர்களில் பிரெஞ்சுப் படையின் கட்டுப்பாட்டைக் கூர்ந்து கவனித்தார். 1755-ல் திண்டுக்கல் அவர் பொறுப்பில் வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு அங்கே ஆயுதச் சாலை அமைத்தார். 1761-ல் மைசூர் ஆட்சியே அவர் கைக்கு வந்தது.

பழங்கால ரோமானியரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கி.மு. 216-ல் ஹானிபலிடம் படுதோல்வி அடைந்தும் அவர்கள் சமாதானம் கேட்கவில்லை. எதிரியின் உத்திகளையே கற்று, கி.மு. 202-ல் அவரை வென்றார்கள். ஹைதரின் மனமும் அப்படிப்பட்டதுதான்.

1767-ல் திருவண்ணாமலையில் ஆங்கிலேயரிடம் தோற்றார். அதே ஆண்டு ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார், அதுவும் கைகூடவில்லை. கூட்டாளியான நிஜாமும் மறு ஆண்டு எதிரியோடு சேர்ந்துகொண்டார்.

ஹைதர் சோர்ந்துவிடவில்லை. வேகமான குதிரைப்படையை நம்பினார். 1769-ல், ஆங்கிலப் படையை ஏமாற்றிவிட்டுத் திடீரென்று சென்னை அருகே வந்து நின்றார்! திகைத்துப்போன ஆங்கிலேயர், அந்த ஏப்ரலில் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது அவர்கள் உதவவில்லை.

1780-ல் மீண்டும் போர். காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில், இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் சீறிப் பாய்ந்தன. ஆங்கிலப் படை சிதறியது. அந்தப் போரில் பல கிராமங்களும் பயிர்களும் எரிந்தன. ஏழை மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். அப்போதும் போரைக் கைவிடவில்லை. 1782 டிசம்பர் 7-ல், சித்தூர் அருகே பாசறையில் நோயால் இறந்தார்.

அவருடைய மகன் திப்பு 1799-ல் போர்க்களத்தில் வீழ்ந்தார். ஹைதர் பிடிக்க முடியாத அதே வேலூர் கோட்டையில்தான் அவருடைய பேரப்பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்டனர்.

போரில் வென்றவர்கள் பலர். தோற்ற இடத்திலும் பாடம் கற்று எழுந்தவர் ஹைதர். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள் குட்டீஸ்!