பழைய சுவரை விட்டுவைத்த குமாரசுவாமி

கூசேன்விலில் இருக்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள பழைய கிராமத்தைத் தெரியும். 1974இல் சாள்ஸ் து கோல் விமான நிலையம் திறந்தபின், தலைக்கு மேல் விமானங்கள் இரைய, சனங்கள் வீடுகளை விற்றுவிட்டுப் போனார்கள். நடுவிலுள்ள தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சுற்றியுள்ள வீடுகளை இலகுவில் இடிக்கவும் முடியவில்லை. யன்னல்கள் அடைக்கப்பட்ட அந்தச் சுவர்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்த குமாரசுவாமியின் நினைவு வரும். கலை அறிஞராக அவரைப் பலர் அறிவர். இங்கிலாந்தில் பாழடைந்த ஒரு நோர்மன் காலக் கட்டடத்தைத் தன் வீடாக்கிக்கொண்டவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாண வேர் கொண்ட சட்டத்தரணி. தாய் எலிசபெத் பீபி ஆங்கிலப் பெண். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துவின் சகோதரியின் பிள்ளைகள். எங்கள் முறைப்படி ஆனந்தருக்கு மச்சான்மார். 1879இல் தாய் குழந்தையுடன் இங்கிலாந்து போக, பின்னால் வரவிருந்த தந்தை கொழும்பிலேயே காலமானார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையும் ஊரும் இல்லாமல் போன பிள்ளை அவர்.

இலண்டனில் புவியியல்பும் தாவரவியலும் படித்தார். எதெல் பாட்ரிஜ் என்பவரை மணந்து இலங்கை திரும்பி, கனிய ஆய்வுத் துறைக்கு இயக்குநரானார். தோரியனைற் என்ற கனியத்தைக் கண்டறிந்ததும் அப்போதுதான். ஆனால் கல்லைத் தேடி மலைநாட்டில் அலைந்தவரின் கண் விகாரைகளிலும் கைவினைஞரின் பட்டறைகளிலும் போய் நின்றது. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று பாழாக்குவதைக் கண்டு மனம் நொந்து, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில், குளொஸ்டர்ஷயரின் புறோட் காம்டன் என்ற சிற்றூரில், அவருக்காக ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 12ஆம் நூற்றாண்டுச் சிறுகோயில் ஒன்று, பின்னர் குடியிருப்பாகி, கடைசியில் சிதைந்து கிடந்தது. பெயர் நோர்மன் சப்பல். (நாம் மரக்கறி வாங்கப் போகும் லாச்சப்பலுக்கும் பொருள் சிறுகோயில்தான்.) அதைத் திருத்தும் பொறுப்பைக் கட்டடக்கலைஞர் சி. ஆர். ஆஷ்பி ஏற்றார். 1902இல் கிழக்கு இலண்டனிலிருந்து தன் கைவினைஞர் சங்கத்தை அயலூரான சிப்பிங் காம்டனுக்குக் கூட்டிவந்தவர் அவர்.

ஆஷ்பியின் முறை வில்லியம் மொறிஸின் வழி வந்தது. மொறிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதும் குமாரசுவாமி பிறந்த 1877இல்தான். அவர்கள் சொன்னது எளிமையானது: பழுதானதைத் திருத்து, ஆனால் பழையது போல நடிக்கும் புதியதைக் கட்டாதே. நோர்மன் சப்பலிலும் பழைய கற்சுவரை நிற்கவிட்டு, வாழத் தேவையானதை அதனோடு சேர்த்தார்கள். சுரண்டிப் பூசிப் புதிதாக்கவில்லை. 1907இல் கணவனும் மனைவியும் அங்கே குடிவந்தார்கள்.

இதற்கெல்லாம் காசு வேண்டும். அவருக்குத் தந்தையின் சொத்து இருந்தது. நம்மில் பலருக்கு இரண்டு வேலை. ஆனாலும் ஊரில் அப்பாச்சியின் நாற்சார் வீட்டை, நல்ல பனைமரத் தீராந்திகளோடு, இடித்து மாடி கட்டச் சொல்லிக் காசு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். திருத்தலாமா என்று ஒரு மேசனிடம்கூடக் கேட்கவில்லை.

மொறிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரம் ஆஷ்பியின் கைமாறிக் குமாரசுவாமியிடம் வந்தது. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அதில்தான் கையால் அச்சானது. 1907 செப்டெம்பரில் தொடங்கி 1908 டிசெம்பர் வரை வேலை. மொத்தம் 425 பிரதிகள். படங்கள் பல எதெல் எடுத்தவை. கண்டியின் தச்சரும் கொல்லரும் ஓவியரும் ஓர் ஆங்கிலக் கிராமத்தில், ஒரு தமிழரின் கையால் அச்சேறினார்கள்.

அந்த வீட்டு வாழ்வு நீடிக்கவில்லை. மணவாழ்வும் முறிந்தது. எதெல் பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் பெரும் நெசவுக் கலைஞரானார். குமாரசுவாமி முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர மறுத்து, 1917இல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய், இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். எழுபது வயதில் இந்தியா திரும்பி வாழ எண்ணியிருந்தார். 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

புறோட் காம்டனில் அந்த வீடு இன்றும் நிற்கிறது.