பேராசிரியர் தர்ஸ்டன்

பட்டறை வேறு, கலாசாலை வேறு என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதை வாழ்ந்து காட்டிய அமெரிக்கப் பொறியியலறிஞர் ராபர்ட் ஹென்றி தர்ஸ்டன் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இவர் 1839-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பிராவிடென்ஸ் நகரில், நீராவி யந்திரம் சமைப்பார் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். பிரௌன் சர்வகலாசாலையில் 1859-இல் தேறி, தந்தையாரின் பட்டறையிற் பயின்று, உள்நாட்டுப் போரிற் கடற்படைப் பொறியாளராய் ஊழியஞ் செய்தார்.

அக்காலத்துக் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்து உயிர்களை மாய்த்தன. எரித்த நிலக்கரியின் வெப்பத்திற் பெரும்பகுதி வேலையாக மாறாது வீணாயிற்று. இவ்விரு கேடுகளின் காரணமும் ஊகத்தால் விளங்காது, அளந்தே அறிதல் வேண்டுமென இவர் தெளிந்தார். 1871-இல் ஸ்டீவன்ஸ் கலாசாலையிற் பேராசிரியராகி, ஆங்கு யந்திரப் பரிசோதனைச் சாலை நிறுவினார். உலோகத்தை முறுக்கி அதன் வலிமையை அளக்குங் கருவியும் இயற்றினார். 1880-இல் அமெரிக்க யந்திரப் பொறியியலார் சங்கத்தின் முதல் தலைவரானார். 1885 முதல் கார்னெல் சர்வகலாசாலையின் சிப்லி கலாசாலைக்குத் தலைமை பூண்டு, பட்டறைப் பயிற்சியே மிக்கிருந்த அதனைக் கணிதமும் ஆராய்ச்சியுந் தழைக்கும் நிலையமாக்கினார். 1903-ஆம் ஆண்டு, தம் 64-ஆவது பிறந்த நாளன்றே காலஞ்சென்றார்.

கைத்தொழிலை இழிவென்றும் ஏட்டுக்கல்வியொன்றே மேலென்றுங் கருதும் பெற்றோர் இவர் சரிதத்தை நோக்குவாராக. பட்டறையிற் கற்றதைக் கலாசாலைக்குக் கொணர்ந்தமையே இவர்தம் பெருமையென்பது நம் துணிபு.