நோவு என்னும் காவலன்

எங்கள் வட்டவடையிலே மார்கழிக் குளிர் எலும்பைத் துளைக்கும். பூண்டுக் காட்டிலிருந்து திரும்பும் என் பாட்டனார் அடுப்பங்கரையில் கால் நீட்டி அமர்வார். சர்க்கரை நோயால் அவர் பாதங்கள் மரத்திருந்தன. ஓர் இரவு தணல் பட்டுத் தோல் கருகிய நாற்றம் எழுந்த பிறகே அவருக்குச் செய்தி தெரிந்தது. வலியே இல்லையே, கொடுத்து வைத்தவர் என்று சிறுவனாகிய நான் எண்ணினேன். அந்தப் புண் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. என் எண்ணம் எத்துணைப் பேதைமை என்பதை டாக்டர் பால் பிராண்ட் அவர்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1914-ஆம் ஆண்டு கொல்லிமலையிலே, சமயத் தொண்டு புரிந்த ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1929-இல் தந்தையார் காய்ச்சலால் மறைந்தார். கட்டட வேலை பழகிய அவ்விளைஞர் பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய கைகளைக் கண்டார். அவர் உள்ளம் அங்கேயே தங்கிவிட்டது. நோயே சதையை அழுகச் செய்கிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். அவரோ, நோய் கெடுப்பது நரம்பை. உணர்வின்றிப் பட்ட காயமும் நெருப்புமே விரல்களைத் தின்கின்றன என்று கண்டார். வலுவுள்ள தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

ஆனால் சிலருடைய விரல்கள் இரவில் குறைந்துகொண்டே வந்தன. காவல் இருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. எலி கடிக்கிறது, உறங்குபவர் விழிக்கவில்லை! அதன்பின் நோயாளிகளுக்குப் பூனையும் ஒரு மருந்தாயிற்று.

விரலைத் தின்ற எலியே பின்னாளில் ஆசானும் ஆயிற்று. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், மயக்கமூட்டிய எலிகளின் பாதங்களில் மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். நாளடைவில் பாதம் வீங்கிப் புண்ணாயிற்று. பெரிய அடி வேண்டியதில்லை. சிறிய அழுத்தமே ஓயாது விழுந்தால் போதும். உணர்வுள்ளவன் தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறான். மரத்த காலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. மென்மையான, பொருத்தமான செருப்பு ஏன் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

நரம்பு கெட்டால் சிலருக்கு உணர்வு அறும். சிலருக்கோ தீராத எரிச்சல் எழும். இந்த இரண்டாவது துன்பத்தை ஆராய, 1988-இல் பென்னெட், ஷியே என்னும் இருவர் எலியின் சயாட்டிக் நரம்பைத் தளர்வாகக் கட்டி ஒரு முறையை வகுத்தனர். வாயில்லா அவ்வுயிர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

2003-இல் பிராண்ட் மறைந்தார். நோவு பகையன்று, காவலன் என்று அவர் வாழ்வு எனக்குக் கற்பித்தது. தோழர்களே, உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயுள்ள முதியவர் இருக்கக்கூடும். விடுமுறைக்குச் சென்றால் நலம் கேட்பதோடு நில்லாதீர்கள். விளக்கை எடுத்து வந்து பாதங்களையும் பாருங்கள். காவலன் இல்லாத வீட்டிற்கு நாமே காவல். நானும் ஊருக்குப் போனவுடன் பாட்டனாரின் எஞ்சிய எட்டு விரல்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.